டாக்டருக்கு இந்தப் பாடம் எதற்கு?

கேள்வி: என் மகள் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உடற்கூறு, உயிர்வேதியியல் படிக்கவே நேரம் போதவில்லை. இதில் நடத்தை அறிவியல் என்று, மனிதர்கள் ஏன் இப்படி நினைக்கிறார்கள், நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு பாடம் வேறு, யார் யாரோ சொன்ன கொள்கைகளை ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்கிறாள். ஒரு டாக்டருக்கு இது தேவைதானா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தேவைதான் சகோதரி. அதுவும் நம் தோட்டப்புறத்தில் வேலை பார்க்கப் போகிறவர் என்றால் கட்டாயம் தேவை.

நான் புதிதாக டாக்டரான காலத்தில் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். இனிப்பு நீர். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை ஏறியே இருக்கும், நானும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனேன், திட்டவும் செய்தேன், அவர் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் கூட்டம் குறைவு. "ஐயா, இந்த மாத்திரையைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் இதே மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் கிட்னி போய் டயாலிசிஸுக்கு அலைகிறாராம், அதனால் இவர் வாங்கிப்போனதையெல்லாம் மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார்! கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரைதான் என்று புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

நோயை உடம்பை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது, மனதும் வாழ்கிற சூழலும் அதில் சேர்த்தி என்று ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977-லேயே 'சயன்ஸ்' இதழில் எழுதினார். உங்கள் மகள் படிக்கிற பாடத்துக்கு அதுவும் ஒரு வேர்.

ஆனால் உங்கள் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. நோயாளியையே பார்க்காத வயதில் வெறும் பெயர்களாகச் சொல்லிக் கொடுத்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். வார்டில், நோயாளி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இது. கல்லூரி அப்படிச் செய்கிறதோ இல்லையோ, மகள் லீவுக்கு வரும்போது, வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ மருந்து சாப்பிடுகிற ஒருவரோடு அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், பசியாறாமலே வேலைக்குப் போகிறாரா, மாத்திரையை எந்த நாளில் விடுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கட்டும். நடுவில் புத்திமதி சொல்லக் கூடாது, அதுதான் கஷ்டம். அப்புறம் புத்தகத்தைத் திறக்கட்டும்.