‘முடித்திருப்பேன்’ என்று பிரெஞ்சில் சொல்வது எப்படி? கேள்வி பதில்

பிரெஞ்சில் ‘ஃப்யூத்யூர் ஆன்தேரியர்’ என்று ஒரு காலம் உண்டு. வரப்போகிற ஒரு நேரத்துக்குள் முடிந்துவிட்டிருக்கும் செயலைச் சொல்வது. புதுச்சேரியில் பல வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கண்டு பயப்படும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது, ஏனென்றால் இதில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பிரெஞ்சு வாக்கியங்களை உச்சரிக்கிறபடியே தமிழில் தருகிறேன். மூக்கொலி வரும் இடத்தில் ‘ன்’ போட்டிருக்கிறேன்.

மேடம், புத்தகத்தில் இந்தக் காலத்துக்கு ஒரு பக்கம் முழுக்க அட்டவணை இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அட்டவணையை மூடிவிட்டு ‘முடித்திருப்பேன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முடித்து, இருப்பேன். செயல் முடிந்ததை முதல் பாதி சொல்கிறது, எதிர்காலத்தை ‘இரு’ என்ற துணைவினை சுமக்கிறது. பிரெஞ்சிலும் இதே வேலைப் பங்கீடுதான், வரிசை மட்டும் மாறும். முதலில் துணைவினையின் எதிர்காலம், அப்புறம் முடிந்த வினை. ‘ஜோரே ஃபினி’: ‘ஜ’ என்பது நான், ஓரே என்பது ‘அவ்வார்’ (‘உண்டு’ என்று பொருள்) என்ற துணைவினையின் எதிர்காலம், ஃபினி என்பது ‘முடித்து’.

காதால் கற்றுக்கொண்டால் இன்னும் எளிது. நான், நீங்கள் இரண்டுக்கும் ஓரே. நீ, அவன், அவள் மூன்றுக்கும் ஓரா. நாம், அவர்கள் இரண்டுக்கும் ஓரோன். எழுத்தில் ஆறு வடிவம், காதில் மூன்றே ஒலி. எத்ர் என்ற இன்னொரு துணைவினைக்கும் இதே கணக்கு: ஸெரே, ஸெரா, ஸெரோன்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘பாடுவேன்’ என்பதற்கு பிரெஞ்சில் ‘ஷான்தரே’. பேச்சு லத்தீனில் ‘கன்தாரே ஹாபெயோ’, அதாவது ‘எனக்குப் பாட உண்டு’ என்று சொல்லிச் சொல்லி, அந்த ஹாபெயோ தேய்ந்து வாலாக ஒட்டிக்கொண்டதுதான் கடைசி ‘ரே’யில் இருக்கும் ‘ஏ’. 842-ஆம் ஆண்டு ஸ்த்ராஸ்பூரில் இரண்டு அரச சகோதரர்கள் செய்துகொண்ட உறுதிமொழியிலேயே ‘சல்வராய்’, அதாவது ‘காப்பேன்’, என்று இந்த ஒட்டு வந்துவிட்டது. பிரெஞ்சில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து அது. அந்த ஹாபெயோவின் வழிவந்ததுதான் இன்றைய அவ்வார். ஆக, ஓரே என்ற சொல்லுக்குள் அவ்வார் இரண்டு முறை இருக்கிறது, ஒன்று வேராகவும் ஒன்று வாலாகவும்.

‘ஜ ஸெரே ஃபினி’ என்று எழுதினேன், ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ‘இரு’ என்றால் எத்ர் தானே?

நம் பிள்ளைகள் எல்லோரும் விழும் இடம் இது. தமிழில் எல்லா வினைக்கும் ‘இரு’ ஒன்றே போதும்: சாப்பிட்டிருப்பேன், போயிருப்பேன், எழுந்திருப்பேன். அந்தப் பழக்கத்தில் கை தானாக எத்ர் பக்கம் போகிறது. பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார்தான். நீங்கள் எழுதியதைப் படிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு ‘என் கதை முடிந்திருக்கும்’ என்பதுபோல் ஒலிக்கும்.

எத்ர் எடுப்பவை ஒரு சிறு கூட்டம். போ, வா, வந்து சேர், புறப்படு, நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, பிற, இற, தங்கு, விழு, திரும்பு போன்ற வினைகள். அதோடு ‘ஸ’ (தன்னை; ‘நான்’ வந்தால் ‘ம’ ஆகும்) சேர்ந்து வரும் வினைகள் எல்லாம்: ஜ ம ஸெரே லவே, நான் எழுந்திருப்பேன். ஏறு, இறங்கு, வெளியேறு இவற்றில் ஒரு கவனம் தேவை. நீங்களே வெளியே போனால் எத்ர். குப்பையை வெளியே வைத்தால், செயப்படுபொருள் வந்துவிட்டதால், அவ்வார்: ஜோரே ஸோர்தி லா பூபெல்.

எத்ர் வந்தால் முடிந்த வினை எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். ‘எல் ஸெரா பார்தி’ என்பதில் பெண்பாலுக்கு ஒரு ஈ எழுத்து கூடும். காதில் கேட்காது, ஆனால் தேர்வில் மதிப்பெண் போய்விடும். அவ்வார் வந்தால் செயப்படுபொருள் முன்னால் நிற்கும்போது மட்டும் ஒத்துப்போகும். ‘லே லெத்ர் க ஜோரே எக்ரித்’, நான் எழுதியிருக்கப்போகும் கடிதங்கள் என்பதில், அந்த ‘த்’ ஒலி ஒத்துப்போனதால் வந்தது.

நான் ஆங்கில வழியில் பிரெஞ்சு படித்தேன். ‘சாப்பிட்டதும் கூப்பிடுகிறேன்’ என்பதற்கு ‘கான் ஜே மான்ஜே’ என்று எழுதினால் என்ன தவறு?

ஆங்கிலம் அந்த இடத்தில் எதிர்காலத்தை விட்டுவிடும், பிரெஞ்சு விடாது. சாப்பிடுவதும் இன்னும் நடக்கவில்லை, கூப்பிடுவதும் இன்னும் நடக்கவில்லை என்றால் இரண்டுமே எதிர்காலத்தில்தான் நிற்க வேண்டும். முந்தி முடிவதற்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர், பிந்தி நடப்பதற்குச் சாதாரண எதிர்காலம்: ‘கான் ஜோரே மான்ஜே, ஜ தாப்பெல்ரே’.

தமிழிலும் எச்சரிக்கை வேண்டும். ‘சாப்பிட்டதும்’ என்பதில் இறந்தகாலம் தெரிகிறது, ‘கூப்பிடுகிறேன்’ நிகழ்காலம். நாம் நினைப்பது மட்டும் எதிர்காலம். அதனால் இந்த ஒரு வாக்கிய அமைப்பில் தமிழையும் பின்பற்ற வேண்டாம், ஆங்கிலத்தையும் பின்பற்ற வேண்டாம். கான், லோர்ஸ்க் (இரண்டும் ‘போது’), தே க (‘உடனே’), யூன் ஃபுவா க (‘ஆனதும்’), அப்ரே க (‘பிறகு’), இந்தச் சொற்களைப் பார்த்ததும் ‘இது இனிமேல் நடக்கப்போவதா?’ என்று கேளுங்கள்.

கான் வந்தாலே ஆன்தேரியர் என்றும் எண்ணிவிடாதீர்கள். ‘பாரிசில் இருக்கும்போது கூப்பிடுவேன்’ என்றால் எதுவும் முடிய வேண்டியதில்லை: கான் ஜ ஸெரே ஆ பாரி, ஜ தாப்பெல்ரே. சாதாரண எதிர்காலமே சரி.

நிபந்தனை சொல்லும் ‘ஸி’ வந்தால்?

‘நீ முடித்திருந்தால்’ என்ற நிபந்தனை ஸி-க்குப் பின்னால் எதிர்காலம் வராது. ஸி த்யூ ஆ ஃபினி, அவ்வளவுதான். ‘முடித்திருப்பானா என்று தெரியவில்லை’ என்னும்போது வரும் ஸி வேறு, அங்கே வரலாம்: ஜ ந ஸே பா ஸிலோரா ஃபினி.

வணக்கம் அக்கா. நான் பாரிசில் லா ஷப்பெல் பக்கம் இருக்கிறன். அலுவலகம் ஒன்றில இருந்து கடிதம் வந்தது: ‘தே க வூ-ஸோரே ரஸ்யூ லாத்தெஸ்தாஸியோன், வூ நூ-ஸான்வெரே யூன் கோப்பி.’ அத்தாட்சி எனக்கு வந்திட்டுது எண்டு சொல்லினமோ? எனக்கு ஒண்டும் வரேல்லையே.

பதற்றப்பட வேண்டாம் தம்பி. அத்தாட்சி இன்னும் வரவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ‘அது உங்கள் கைக்குக் கிடைத்தவுடன் எங்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள்’ என்பதுதான் பொருள். ரஸ்யூ என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் ‘பெற்றீர்கள்’ போலத் தோன்றும், அதற்கு முன்னால் நிற்கும் ஓரே-யைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘வூ நூ-ஸான்வெரே’ என்பது எதிர்காலத்தில் சொன்ன கட்டளை. நகல் கட்டாயம் அனுப்ப வேண்டும். கிடைக்கும்வரை இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நாளைக்கு நடக்கப்போவதே இல்லாத இடத்திலும் இதைப் பார்க்கிறேன். ‘இலோரா ஊப்லியே’ என்று தோழி சொன்னாள். அவன் ஏற்கெனவே வராமல் போய்விட்டான்!

அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மறந்திருப்பான்.’ எதிர்கால விகுதி, பொருள் மட்டும் நடந்ததைப் பற்றிய ஊகம். இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு மொழிகள் ஊகத்துக்கு ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ‘வூ-ஸோரே ரமார்கே’ என்று ஒரு பேச்சாளர் தொடங்கினால் அது நம் ‘கவனித்திருப்பீர்கள்’ தான். அன்றாடப் பேச்சில் ஊகத்துக்கு ‘இலா த்யூ ஊப்லியே’ என்பதே அதிகம். ஓரா கொஞ்சம் எழுத்து நடை.

தமிழ் உதவாத ஒரு பயன்பாடும் உண்டு. ‘லா கேர் ஓரா த்யூரே ப்ளூ த கத்ரான்’ என்று 1914-18 போரைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்த்துக் கணக்குப் போடும் தொனி. ‘நீடித்திருக்கும்’ என்று பெயர்த்தால் கெட்டுவிடும். ‘மொத்தத்தில் நான்கு ஆண்டுக்கு மேல் நீடித்தது’ என்று எழுதுங்கள்.

‘நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்பதற்கும் இதே காலம்தானே?

இல்லை. நம் ‘வந்திருப்பேன்’ வருங்காலத்துக்கும் வரும், நடக்காமல் போனதற்கும் வரும். பிரெஞ்சு இரண்டையும் பிரித்து வைக்கிறது. நடக்காமல் போனதற்கு கோன்திஸியோனெல் பாஸே: ‘ஸி த்யூ ம லாவே தி, ஜ ஸெரே வன்யூ’. இந்த ஸெரே-யின் கடைசியில் எஸ் எழுத்து உண்டு. ஒலி வேறுபாடு மிக நுட்பம், பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் வேறுபடுத்துவதில்லை. சந்தேகம் வந்தால் ‘நூ’ போட்டுப் பாருங்கள். ஸெரோன் என்று வந்தால் எதிர்காலம், எஸ் இல்லை. ஸெரியோன் என்று வந்தால் எஸ் உண்டு.

டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குத் தயாராகிறேன் மேடம். மூன்று வாக்கியம் எழுதினேன், பார்த்துச் சொல்வீர்களா? ஒன்று: தீஸி லந்தி, ஜோரே ல்யூ ல லிவ்ர். இரண்டு: கான் மா மேர் ஓரா அரிவே, நூ மான்ஜரோன். மூன்று: கான் வூ லிரே ஸ மெஸாஜ், ஜ ம ஸெரே ஆன்தோர்மி.

முதலாவது சரி. திங்களுக்குள் புத்தகத்தைப் படித்து முடித்திருப்பேன் என்பதற்கு ‘தீஸி’ மிகப் பொருத்தமான சொல். இரண்டாவதில் ‘வந்து சேர்’ வினை, ஆகவே எத்ர்: கான் மா மேர் ஸெரா அரிவே. அம்மா என்பதால் கடைசியில் ஓர் ஈ எழுத்து கூடுதல். மூன்றாவது, ‘நீங்கள் இந்தச் செய்தியைப் படிக்கும்போது நான் தூங்கியிருப்பேன்’ என்பது. நீங்கள் பெண் என்பதால் வரவேண்டிய அந்த ஈ எழுத்தை நீங்களே போட்டிருக்கிறீர்கள், துணைவினையும் சரி. அதில் திருத்த ஒன்றுமில்லை.