சாமிக்கு சாட்சி கேட்கலாமா?

கேள்வி: தினமும் சாமி கும்பிடுகிறவள் நான். கல்லூரியில் படிக்கும் மகன், "ஆதாரமில்லாமல் நம்புவது தப்பும்மா, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது" என்கிறான். என் பக்கம் நியாயமே இல்லையா?

பதில்: அம்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கும்பிடாத கட்சி. இருந்தாலும் முழுத் தீர்ப்பையும் உங்கள் மகனுக்கு எழுதித் தர மாட்டேன்.

அவர் பேசுவது 1877-ல் க்ளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை பேசியது. அவர் சொன்ன கதையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டுமோ என்று அவருக்கே உறுத்தல். 'எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல்தானே, குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், தெய்வம் கைவிடாது' என்று மனசைத் தேற்றிக்கொண்டு அனுப்பிவைத்தார். நடுக்கடலில் மூழ்கியது. இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்றார் க்ளிஃபர்ட். கவனியுங்கள், அந்த முதலாளி நடிக்கவில்லை, மனதார நம்பினார். ஆனால் சந்தேகத்தை விசாரிக்காமல் அமுக்கிவிட்டு வந்த நம்பிக்கை அது.

சரி, கப்பல் என்றால் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லலாம். கடவுள் விஷயத்தில் எந்தப் பலகையைத் தட்டுவது? 1896-ல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் இங்கேதான் குறுக்கிட்டார். ஆதாரத்தால் தீராத கேள்வி, தள்ளிப்போடவும் வழியில்லை, வாழ்க்கையையே திருப்பிப்போடக்கூடியது, உங்கள் மனசுக்கும் நிஜமாகவே ஒட்டுகிறது என்றால், சாய்கிற பக்கம் சாய உங்களுக்கு உரிமை உண்டு என்றார். 'முடிவு சொல்லாமல் இருக்கிறேன்' என்பதும் ஒரு முடிவுதானே!

உங்கள் கும்பிடு இதில் அடங்கும். ஆனால் இது குறுகலான அனுமதி. பூமியின் வயது, குழந்தைக்கு மருந்து தரலாமா என்பதற்கெல்லாம் ஜேம்ஸைத் துணைக்கு அழைக்காதீர்கள், அங்கே ஆதாரம் கிடைக்கும். நம்பலாம் என்றுதான் அவர் சொன்னார், நம்பியது மெய் என்று சொல்லவில்லை. அதை வைத்து மகனைக் கும்பிடச் சொல்லவும் முடியாது.

மகனைக் கொஞ்சம் மடக்க வேண்டுமா? 'எனக்கு மனசு என்று ஒன்று இருப்பதை நிரூபி பார்ப்போம்' என்று கேளுங்கள். 1967-ல் ஆல்வின் பிளான்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவவாதி இந்த வழியில்தான் போனார். அடுத்தவருக்கு மனம் உண்டு என்பதை அசைக்க முடியாத நிரூபணம் இல்லாமலே நியாயமாக நம்புகிறோமே, கடவுளை மட்டும் ஏன் நம்பக் கூடாது என்று. எனக்கு இது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அடுத்தவர் மனதைப் பற்றி நமக்குள் தகராறில்லை, எந்தக் கடவுள் என்பதில்தான் அத்தனை தகராறும்.

கேள்வி: கடவுள் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை. அதனால் நம்பிவைப்பது புத்திசாலித்தனம்தானே?

பதில்: இதற்குப் பெயர் பாஸ்கலின் பந்தயம். பாஸ்கல் ஒரு பிரெஞ்சுக் கணித மேதை. அவர் இறந்தபின் 1670-ல் இது அச்சேறியது. ஒரே குதிரை ஓடினால் சரி, இங்கே ஏகப்பட்ட குதிரைகள். தவிர, லாபம் என்று தெரிந்ததும் நம்பிக்கை வந்துவிடுமா என்ன? பாஸ்கலுக்கும் அது தெரியும். நம்ப முடியாதவர்களுக்கு அவர் சொன்ன வழி: நம்புகிறவர்கள் செய்வதைச் செய், தீர்த்தம் தொட்டுக்கொள், திருப்பலி நடத்தச் சொல், மெல்ல வந்துவிடும். அப்படி வருகிற பக்தியை மேலே உள்ளவர் எந்தக் கணக்கில் வரவு வைப்பார் என்பது என் இலாகா இல்லை.