கருமணல் கரையில் தங்கம் தேட மெட்டல் டிடெக்டருக்கு எந்தக் காயில்?

கேள்வி: வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய என் மகன் ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்திருக்கிறான். முட்டம், சொத்தவிளை கடற்கரைகளில் குளிக்க வருபவர்கள் தவறவிடும் நகைகளைத் தேடிக் கொடுக்க அவனுக்கு ஆசை. ஆனால் கருமணல் கண்ட இடமெல்லாம் கருவி ஓயாமல் கத்துகிறது. சோதித்துப் பார்க்கப் புதைத்த மெல்லிய செயினையோ கண்டுகொள்ளவில்லை. கருவியின் அடியில் மணல்மேல் வீசித் தேடும் தட்டைத்தான் காயில் (coil) என்கிறார்கள். இப்போது இருப்பது 11 அங்குலக் காயில். 15 அங்குலம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் மகனின் தேவைக்கு அது நேர் எதிரான காயில். பெரிய காயில் அதிக ஆழம் எட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரிய உலோகப் பொருளுக்கே பொருந்தும். காயில் அகலமாக அகலமாக அதன் காந்தப்புலம் பரந்து விரிவதால், கம்மல், மூக்குத்தி போன்ற சிறு நகைகள் எழுப்பும் மெல்லிய சமிக்ஞை அதில் கரைந்துபோகிறது. அதோடு, ஒரே வீச்சில் அதிக மணலைப் பார்ப்பதால் அந்த மணலில் உள்ள தாதுக்களின் தொல்லையையும் அது சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. மணவாளக்குறிச்சியை ஒட்டிய நம் கரைகளில் இல்மனைட் முதலிய கனமான தாதுக்கள் படிந்து கிடப்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே 6 அங்குலத்தை ஒட்டிய வட்டக் காயிலோ, அதைவிடச் சற்றே நீண்ட முட்டை வடிவக் காயிலோதான் உதவும்.

அளவைப் போலவே உள்ளமைப்பையும் கேட்டறியுங்கள். ஒன்றனுள் ஒன்றாக இரு வளையங்கள் அமைந்த கான்சென்ட்ரிக் காயிலின் புலம் கீழே கூம்பாக இறங்கும். தாது மிகுந்த மணலில் அது எளிதில் தடுமாறும். இரண்டு ‘டி’ எழுத்துகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த டபுள் டி காயிலோ, நடுவே ஒரு குறுகிய பட்டையாக மட்டும் மணலை ஊடுருவுவதால் கருமணலில் அமைதியாக இருக்கும். நம் மாவட்டத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

செயின் விஷயத்தில் மட்டும் அளவுகடந்த நம்பிக்கை வேண்டாம். மோதிரம் மூடிய வளையமாக இருப்பதால் அதில் மின்னோட்டம் சுற்றிவந்து தெளிவான ஒலி தரும். செயினில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையமாகவே கருவிக்குத் தெரிவதால், ஒரு பவுன் செயினாக இருந்தாலும் பல நேரங்களில் அதன் கொக்கி மட்டுமே ஒலிக்கும். இத்தகைய நுண்ணிய தங்கத்துக்கு உயர் அதிர்வெண், அதாவது காயிலின் காந்தப்புலம் நொடிக்கு அதிக முறை மாறுவது, நல்லது. ஆனால் அதே உயர் அதிர்வெண்தான் உப்பு நீர் ஊறிய மணலையும் உலோகமாக எண்ணிக் கத்தும். ஆகவே ஒற்றை அதிர்வெண் கருவியானால் அலை எட்டாத காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஈர மணலிலும் தேட வேண்டுமானால் காயிலை மாற்றிப் பயனில்லை. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவியே தேவைப்படும்.

வாங்குமுன், கருவியின் மாடல் பெயரைச் சொல்லி அதற்கென்றே செய்த காயில்தானா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். இணைப்பு முனை பொருந்திவிட்டது என்பதாலேயே காயில் வேலை செய்துவிடாது. கருவியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது அமைந்திருக்க வேண்டும். கடையில் வெறுங்காற்றில் மோதிரத்தை ஆட்டிக் காட்டும் சோதனையை நம்பாதீர்கள். கரைக்கே கொண்டுபோய், உங்கள் வீட்டுச் செயினை நூல் கட்டிய பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கருமணலில் நான்கு விரல் ஆழத்தில் புதைத்துப் பாருங்கள். காயிலை விரலால் தட்டும்போதோ, கேபிளை அசைக்கும்போதோ ஒலி எழுந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீர்புகாது என்ற உறுதிமொழி காயிலுக்கு மட்டுமா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்தா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான தகராறுகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. சொன்னதற்கு மாறான பொருளைத் தந்துவிட்டு மாற்றித்தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். விற்பவர் வெளியூரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

கிடைக்கும் நகை தவறவிட்டவருக்கே உரியது. ஆள் தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பழங்காசு போன்ற புதையல் கிடைத்து, அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள்.