குழாய் வந்தும் நாறிய பம்பாய்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: 1860-லேயே பம்பாய்க்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதாகப் படித்தேன். பிறகு ஏன் 1896-இல் பிளேக் அப்படி ஆட்டிப்படைத்தது? தண்ணீர் வந்தால் சுகாதாரமும் தானே வந்துவிடாதா? (மதுரை வாசகி)

பதில்: வராது. பம்பாயைப் போல இதைக் காட்டும் ஊர் வேறு இல்லை. அதுவரை கிணறும் குளமும்தான் கதி, அவற்றின் கரையிலேயே குளிப்பது, துவைப்பது, மாடு கழுவுவது எல்லாம் நடந்தன. 1850-களில் வறட்சி வந்து கிணறுகள் காலை வாரியபோது, ஹென்றி கோனிபேர் என்ற பொறியாளரின் திட்டப்படி மித்தி ஆற்றை மறித்து விஹார் ஏரியைக் கட்டினார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் ஊருக்கு வந்தது. இதனால் காலரா குறைந்தது, அந்த நன்மையை மறுக்கவே முடியாது.

ஆனால் வந்த தண்ணீர் எங்கே போகும்? அதை யாரும் ஒழுங்காக யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்த ஊர் அது, பல பகுதிகள் கடலின் ஏற்ற மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. கடல் ஏறினால் சாக்கடையின் மதகை மூட வேண்டும், மூடினால் கழிவு உள்ளேயே தேங்கும், தேங்கினால் வண்டல் படியும், மறுநாள் இன்னும் மெதுவாக ஓடும். மழைநீருக்காக வெட்டிய பழைய கால்வாய்களிலேயே வீட்டுக் கழிவும் கலந்தது. ஏரித் தண்ணீர் அதோடு சேர்ந்ததும் தெருவின் மண்ணே ஊறிப்போனது.

சரி, சொல்ல ஆளே இல்லையா? இருந்தார். 1865-இல் சென்னைக்கு வடிகால் திட்டம் எழுதிய ஹெக்டர் டுல்லோக் என்ற ராணுவப் பொறியாளர் அப்புறம் பம்பாய் நகராட்சிக்குப் போனார், 1872-இல் அந்த ஊரின் சாக்கடை பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார். செலவு எவ்வளவு, கழிவை எந்தப் பக்கம் கடலில் விடுவது என்று வாதம் நீண்டுகொண்டே போனது. கழிவை இயந்திரம் வைத்து இறைத்துக் கடலுக்குத் தள்ளும் ஏற்பாடு வொர்லி பக்கம் லவ் குரோவில் வந்தது, ஆனால் நூற்றாண்டு முடியும்போதும் ஊரில் பெரும்பகுதிக்கு நிலத்தடிச் சாக்கடை கிடையாது.

கேள்வி: அப்படியானால் அத்தனை பெரிய ஊரின் மலத்தை யார் அகற்றினார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட தொழிலாளிகள், கூடையில், தலையில் சுமந்து. வீடுகளுக்கு நடுவே அவர்கள் வந்து போவதற்கென்றே ஒடுக்கமான சந்து விட்டுக் கட்டினார்கள், அந்தச் சந்துகளில் பல மும்பையில் இன்னமும் இருக்கின்றன. இதற்காக நகராட்சி தனி வரியே வசூலித்தது. நகராட்சி ஆணையராக இருந்த ஆர்தர் கிராபோர்டின் பெயரில் சந்தை இருக்கிறது, ஊரை நிஜமாகவே சுத்தமாக வைத்திருந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கேள்வி: பிளேக் வந்ததும் ஊரையே கழுவினார்களாமே, பலன் இருந்ததா? (கோவை வாசகர்)

பதில்: 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் இது பிளேக்தான் என்று கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். நோய்க்குக் காரணம் அழுக்குதான் என்று அதிகாரிகள் நம்பினார்கள். கடல்நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் சாக்கடைகளில் பாய்ச்சினார்கள், வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வெளிச்சம் வரக் கூரையைப் பிரித்தார்கள், நோயாளிகளை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் பயந்து கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டே ஓடினார்கள். வெள்ளம் பாய்ந்த சாக்கடையிலிருந்து எலிகள் வீடுகளுக்குள் ஏறியதுதான் மிச்சம். எலியின் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் 1898-இல் சோதனையில் காட்டினார், அதையும் உடனே யாரும் ஏற்கவில்லை. உருப்படியாக நடந்தது ஹாஃப்கின் என்ற நுண்ணுயிர் ஆய்வாளர் உருவாக்கிய தடுப்பூசி. 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார் அவர்.

கேள்வி: தாராவித் தமிழர்களுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: உண்டு, உங்கள் ஊருக்கே உண்டு. ஊருக்குள் நாற்றம் வரக்கூடாது என்று ஆட்டுத்தொட்டியை, அதாவது ஆடு மாடு அறுக்கும் கூடத்தை, வடக்கே பாந்திராவுக்கு மாற்றினார்கள், தோல் பதனிடும் தொழிலும் அதன் பின்னாலேயே நகர்ந்தது. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியில் 1880-களின் கடைசியில் தோல் தொட்டிகள் வந்தன. அவற்றை நடத்தியவர்களிலும் அங்கே உழைத்தவர்களிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் நிறையப் பேர், அவர்களில் முஸ்லிம்களும் கணிசம். தோல் ஊறவைக்கத் தண்ணீர் ஏராளம் வேண்டும், அதைவிட ஏராளமாகக் கழிவுநீர் வெளியே வரும். இந்தத் தொழிலை அங்கே தள்ளியபோது கூடவே குழாயும் வடிகாலும் போட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. பிளேக்குக்குப் பிறகு 1898-இல் ஊரைச் சீரமைக்க அரசு அமைத்த மேம்பாட்டு அறக்கட்டளையும் நெரிசலான தெருக்களை இடித்து அகலச் சாலை போடுவதில்தான் முனைந்தது, இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு கட்டவில்லை. அப்படி வீடிழந்தவர்கள் பக்கத்துத் தெருக்களிலேயே இன்னும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்.