முதலில் வார்டு, அப்புறம் பிராக்டிஷனர்

கேள்வி: கோவையில் பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்படிப்பு முடித்து, நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதும் நர்ஸ்) ஆக ஆசை. "வார்டில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டு வருஷத்தை வீணாக்காதே. இங்கே அனுபவம் கேட்காத படிப்புகள் இருக்கின்றன, நேராகச் சேர்ந்துவிடு" என்கிறாள் அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகள். என்ன செய்யட்டும்?
– வாசகி, கூடலூர்

பதில்: வார்டுக்குப் போங்கள், தங்கச்சி. குறைந்தது இரண்டு வருஷம்.

அத்தை மகள் பொய் சொல்லவில்லை. அங்கே அப்படிப்பட்ட படிப்புகள் உண்டு. இந்தியாவில் படிப்பதானால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேரவே ஒரு வருஷ மருத்துவமனை அனுபவம் வேண்டும்.

விதிக்காக மட்டும் சொல்லவில்லை. மார்கழி விடியலில் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி ஒருவரை ஊட்டியில் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வருகிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 82 காட்டுகிறது. புதியவர் அந்த எண்ணைப் பார்த்தே பதறுவார். பழகிய சிஸ்டர் பாட்டியின் உதட்டைப் பார்ப்பார், மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுவார், சில்லிட்ட கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டுவார். 93 வரும். 2,200 மீட்டர் உயரத்தில் அந்த வயதுக்கு அது பதற வேண்டிய எண் அல்ல. பக்கத்துக் கட்டில்காரருக்கு மெஷின் 94 காட்டும். ஆனால் நிமிஷத்துக்கு 32 மூச்சு, ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. முதலில் ஓட வேண்டியது அவரிடம்தான். இதைப் புத்தகத்தில் படிக்கலாம். கண்ணில் உடனே படுவதற்கு நூறு பேரையாவது பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் கூடலூர்ப் பக்கமே பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. எலும்பு வலியில் துடிக்கும் பையனை "நடிக்கிறான்" என்று ஒதுக்குபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி ஒருவனோடு ஒரு நைட் டியூட்டி முழுக்க இருந்த நர்ஸ் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார். அவனுக்குக் காய்ச்சலோடு நெஞ்சுவலியும் வந்தால் டாக்டரை எழுப்பத் தயங்கவும் மாட்டார். பெட்ஷீட் மாற்றுவதும் வீண் இல்லை. நோயாளியைப் புரட்டும்போதுதான் முதுகில் புண் தொடங்குவது தெரியும்.

வார்டில் தவறினால் பிடிக்க இன்சார்ஜ் சிஸ்டரும் டியூட்டி டாக்டரும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே மருந்து எழுதலாம். அந்தப் படிப்புக்குள் கிடைக்கும் நேரடிப் பயிற்சிக்கு நெடுங்காலம் 500 மணி நேரமே குறைந்தபட்ச அளவு. 2022-ல் வந்த தர விதிகள் அதை 750 ஆக்கின. பன்னிரண்டு மணி நேர டியூட்டியாகப் பார்த்தால் அறுபத்து சொச்சம் டியூட்டிதான். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட அது மட்டும் போதும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் வருஷம் ஓடினால் மட்டும் அனுபவம் வந்துவிடாது. மூச்சை எண்ணாமலே எல்லா சார்ட்டிலும் 20 என்று எழுதிப் பத்து வருஷம் ஓட்டுகிறவர்களும் உண்டு. முதல் வருஷம் மெடிக்கல் வார்டு அல்லது கேஷுவாலிட்டி, அடுத்தது ஐ.சி.யூ. என்று கேட்டு வாங்குங்கள். ராத்திரியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று சேரும் முன்பே விசாரியுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் இடம், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் வேண்டாம். அமெரிக்கா போவதானால், அங்கே நர்ஸ் உரிமத்துக்கு எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வுக்கும் இந்த இரண்டு வருஷத்திலேயே படித்துவிடலாம்.