வாசகர் கேள்விகள்: வெர்லாண்டரின் பந்துக்கு என்ன ஆச்சு?

காயத்திலிருந்து திரும்பிய பிட்சர் (பந்து எறிபவர்) ஜஸ்டின் வெர்லாண்டரை 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பேட்டர்கள் விளாசியதைப் பற்றி பேஸ்பால் ரசிகர்களிடையே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. அதையொட்டி வந்த கேள்விகள் இந்த இதழில்.

“41 வயது, கதை முடிந்தது” என்கிறது ஒரு கட்சி. “காயத்திலிருந்து வந்தவருக்கு அவகாசம் கொடுங்கள்” என்கிறது இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி?

இரண்டு கட்சியும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு இழுக்கின்றன. அந்த சீசனில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக 17 ஆட்டங்களைத் தொடங்கினார் (அதாவது முதல் பந்திலிருந்தே எறிந்தார்), ஈ.ஆர்.ஏ. 5.48. ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டத்துக்கு) சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ.; ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் அதில் சேராது. 4-க்குக் கீழே இருந்தால் தேவலை, 5-ஐத் தாண்டினால் வேலைக்கே ஆபத்து.

அந்த 5.48-ஐ இரண்டாக வெட்டிப் பாருங்கள். தோள் அழற்சியால் ஏப்ரல் பாதிக்கு மேல்தான் களமிறங்கினார். முதல் 10 ஆட்டங்களில் 57 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 3.95. ஜூனில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் 21-ல் திரும்பினார். அதன்பின் 7 ஆட்டங்களில் 33 இன்னிங்ஸ் சொச்சம், ஈ.ஆர்.ஏ. 8.10. இரண்டு மாதத்தில் யாருக்கும் பத்து வயது கூடிவிடாது. மூப்பு என்றால் சரிவு படிப்படியாக வந்திருக்கும். இது ஓர் இரவில் கதவைச் சாத்தியதுபோல் இருக்கிறது. ஆகவே இரண்டாவது கட்சி உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதற்காக அக்டோபரில், சாம்பியன் பட்டத்துக்கான சுற்றுகளில், அவரை ஆடவைத்திருக்க வேண்டும் என்பதில்லை. டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரான முதல் சுற்றுப் பட்டியலில் ஆஸ்ட்ரோஸ் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. சரியான முடிவு. 162 ஆட்டம் கொண்ட சீசனில் அவகாசம் கொடுக்கலாம், மூன்று ஆட்டத் தொடரில் முடியாது.

கழுத்துவலிக்கும் பந்து எறிவதற்கும் என்ன சம்பந்தம்? எறிவது கைதானே?

எறிவது கை; குறிபார்ப்பது தலை. வலக்கை பிட்சர் இடக்காலைத் தூக்கும்போது உடல் மூன்றாம் பேஸ் பக்கம் பக்கவாட்டில் நிற்கும். முகம் மட்டும் இடப்பக்கம் திரும்பி, 60 அடி 6 அங்குலம் தள்ளி பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டைப் பார்க்கும். இடுப்பும் மார்பும் சுழலும் அந்தக் கணத்தில் தலை அசையாமல் நிற்க வேண்டும். கழுத்து முழுதாகத் திரும்பவில்லை என்றால், இலக்கைப் பார்ப்பதற்காக இடத்தோள் கொஞ்சம் முன்னதாகவே திறந்துகொள்ளும். கை பின்தங்கிவிடும்.

விளைவு மூன்று. ஃபாஸ்ட்பால் (நேரான வேகப்பந்து) எறியும் கை இருக்கும் பக்கமாக, மேலே விலகும். விரல்கள் பந்தின் நேர் பின்னால் இல்லாததால் பின்சுழற்சி குறைந்து, ‘எழும்புவது’ போன்ற தோற்றம் போய்விடும். ஸ்லைடர் (கடைசியில் விலகி இறங்கும் பந்து) கீழே விழாமல் நடுவில் தொங்கும்.

வெர்லாண்டருக்கு இரண்டாவது விளைவுதான் எமன். அவருடைய பிழைப்பே ஸ்ட்ரைக் எல்லையின் மேல்விளிம்பில் போடும் ஃபாஸ்ட்பால். (அந்த எல்லைக்குள் வரும் பந்தை விட்டாலும், வீசித் தவறவிட்டாலும் ஒரு ஸ்ட்ரைக்; மூன்று விழுந்தால் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்அவுட்.) பேட்டர் அதன் அடியில் மட்டையை வீசி ஏமாறுவார். அதே பந்து எழும்பாமல் இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்து வந்தால் நேராக மட்டையின் நடுவில் விழும். மேலே எறிகிறவருக்குப் பிழை நேர்ந்தால் அது தரையோடு போகும் அடியாக இருக்காது, கேலரிக்குப் போகும்.

வேகம் மணிக்கு 95 மைலிலிருந்து சுமார் 93.5-க்கு இறங்கியிருக்கிறது. ஒன்றரை மைல் பெரிய விஷயமா?

கணக்குப் போடுவோம். 95 மைல் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய 0.4 வினாடி. ஒன்றரை மைல் குறைந்தால் கூடுதலாகக் கிடைப்பது 0.006 வினாடி. அந்த நேரத்தில் பந்து 10 அங்குலம் நகர்ந்துவிடும். அதாவது, தாமதமாக வீசி ஃபவுல் (ஆடுகளக் கோட்டுக்கு வெளியே) அடித்துக்கொண்டிருந்தவர் இப்போது சரியான இடத்தில் சந்திக்கிறார்.

ஆனால் வேகம் மட்டும் போனால் சமாளிக்கலாம். இன்னொரு மூத்த பிட்சர் கிளேட்டன் கெர்ஷா 2025-ல் சராசரி வேகம் 90-ஐத் தொடாத ஃபாஸ்ட்பாலை வைத்துக்கொண்டு 11 வெற்றி, 2 தோல்வி (ஆட்டத்தின் முடிவை ஒரு பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்), ஈ.ஆர்.ஏ. 3.36 என்று முடித்தார். 3,000-வது ஸ்ட்ரைக்அவுட்டும் அந்த ஆண்டுதான். இலக்கு தவறாதவருக்கு வேகம் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. இரண்டும் சேர்ந்து போகும்போதுதான் 8.10 வருகிறது.

காயத்திலிருந்து திரும்பும் பிட்சர் என்னென்ன கட்டங்களைத் தாண்டுகிறார்? எங்கே தவறு நடக்கிறது?

முதலில் சமதரையில் எறிதல்: 45 அடி, 60, 90, 120 என்று தூரம் கூடும். மறுநாள் வலி இல்லையென்றால்தான் அடுத்த தூரம். பிறகு மவுண்ட், அதாவது ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மேடு. 15 முதல் 25 பந்து, வெறும் ஃபாஸ்ட்பால், பாதிக்கும் சற்று மேலான பலத்தில். அடுத்து சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து). வளைந்து விழும் கர்வ்பாலும் ஸ்லைடரும் கடைசியில். அதன்பின் சொந்த அணி பேட்டர்களை நிறுத்தி எறிதல். முடிவில், மேஜர் லீகுக்குக் கீழ்மட்டமான மைனர் லீகில் மெய்யான ஆட்டம்: 30 பந்து, 45, 60, 75 என்று ஏற்றுவார்கள். நடுவே நான்கு நாள் ஓய்வு. பிட்சருக்கு இந்த மைனர் லீக் காலம் அதிகபட்சம் 30 நாள் என்பது விதி.

பெரும்பாலும் சறுக்குவது கடைசிப் படியில்தான். அணிக்கு ஆள் பற்றாக்குறை, வீரருக்குப் பொறுமையில்லை. 60 பந்து வலியில்லாமல் எறிந்துவிட்டால் போதும் என்று மேஜர் லீகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வலியில்லாமல் எறிவது வேறு, நினைத்த இடத்தில் எறிவது வேறு. முதலில் போவது வலி, அடுத்து வருவது வேகம், கடைசியில் வருவது குறி. இன்னொன்று: மைனர் லீக் முடிவுகள் ஏமாற்றும். அங்கே இளசுகள் உயரப் பந்துக்கு ஆசைப்பட்டு மட்டை வீசுவார்கள். மேஜர் லீகில் அதே பந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள்.

2020-ல் முழங்கை அறுவை செய்துகொண்டும் 2022-ல் பிரமாதமாக ஆடினாரே! கழுத்தும் தோளும் அதைவிடச் சின்னக் காயம் இல்லையா?

முழங்கையில் கிழிந்தது ஒரே ஒரு தசைநார். அதற்குப் பதிலாக முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு தசைநாணை வைத்துக் கட்டிவிடலாம். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் இதைச் செய்தது டாமி ஜான் என்ற பிட்சருக்கு, அறுவைக்கே அந்தப் பெயராகிவிட்டது. ஜான் 1976-ல் திரும்பி 1989 வரை ஆடினார். 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பிந்தியவை. வெர்லாண்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு சீசன் முழு ஓய்வு கிடைத்தது. 39 வயதில் 18 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.75, கூடவே சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்றாவது முறையாக.

தோள் அப்படியில்லை. ஆழமில்லாத குழியில் உருளும் மூட்டு, சுற்றிலும் நாலு தசை இழுத்துப் பிடிக்கின்றன. மாற்றிவைக்க உதிரிபாகம் கிடையாது. கழுத்தும் அவ்வாறே. பெயரில்தான் சின்னக் காயம். காயமடைந்த பிட்சர்களை வைக்கும் பட்டியலுக்குப் பெயர் ‘15 நாள் பட்டியல்’ என்பதால் 15 நாளில் சரியாகும் என்று ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அது குறைந்தபட்சம்.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இந்த முழங்கைத் தொல்லை ஏன் அதிகம் இல்லை?

அவர்கள் கை மடங்கி நிமிரக் கூடாது. 15 டிகிரிதான் சலுகை. அதனால் சுமை கீழ்முதுகுக்கும் முன்காலுக்கும் போகிறது, அங்கே எலும்பில் விரிசல் விழுகிறது. பிட்சரின் முழங்கை மடங்கிச் சாட்டைபோல் நிமிர்கிறது, விலை அங்கே.

ஆட்டம் பார்க்கும்போதே ஒரு பிட்சர் தேறிவிட்டாரா என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஸ்கோர்போர்டை விட்டுவிட்டு, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பாருங்கள். முதலில் காட்டிய இடத்திலிருந்து பந்தைப் பிடிக்கக் கையுறை எவ்வளவு தூரம் நகர்கிறது? ஒரு சாண் என்றால் நலம். பிளேட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாவினால் (அகலம் 17 அங்குலம்) இன்னும் தேறவில்லை. அடுத்து, நாலாவது இன்னிங்ஸில் வேகம் முதல் இன்னிங்ஸை ஒத்திருக்கிறதா? இரண்டு மைல் இறங்கியிருந்தால் தெம்பு வரவில்லை. மூன்றாவது, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு எத்தனை ஃபவுல்? (அப்போது ஃபவுல் அடித்தால் பேட்டர் அவுட் ஆகமாட்டார்.) முடித்துவைக்கும் பந்து இல்லாதவருக்கு அவை குவிந்துகொண்டே போகும், ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் 90 பந்து தீர்ந்துவிடும்.

வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். 2025-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் வெர்லாண்டர் முதல் 16 ஆட்டம் தொடங்கியும் வெற்றியே இல்லை, 8 தோல்வி. முதல் வெற்றி ஜூலை 23-ல்தான். முடிவில் 4 வெற்றி, 11 தோல்வி. ஆனால் 29 ஆட்டம், 152 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 3.85. ‘கதை முடிந்தது’ கட்சிக்கு இந்த எண்ணை யாராவது அனுப்பிவையுங்கள்.

அப்படியானால் டொரன்டோ ப்ளூ ஜேஸ் அணி பிட்சர் மேக்ஸ் ஷெர்சரை 2025 அக்டோபரில் ஆடவைத்தது தப்புதானே? அப்போது அவருக்கும் 41, அவர் ஈ.ஆர்.ஏ.வும் 5-ஐத் தாண்டியதுதான்.

5.19. கட்டைவிரல் காயத்தால் மார்ச் இறுதியில் போனவர் ஜூன் கடைசியில்தான் வந்தார். கட்டைவிரல் பந்தை இறுக்கிப் பிடிக்க முடியாவிட்டால், அந்த வேலையைத் தோள் தலையில் கட்டிக்கொள்ளும். அதனால்தான் அத்தனை தாமதம். யாங்கீஸுக்கு எதிரான சுற்றில் அவரையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அடுத்த சுற்றில் சியாட்டிலில் நான்காவது ஆட்டத்தைக் கொடுத்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் மேனேஜர் ஜான் ஷ்னைடர் மவுண்டுக்கு நடந்து வந்தபோது, பந்தைத் தர முடியாது என்று கத்தியே திருப்பி அனுப்பினார் ஷெர்சர். 5.2 இன்னிங்ஸ் (புள்ளிக்குப் பின் வருவது அடுத்த இன்னிங்ஸில் எடுத்த அவுட்டின் எண்ணிக்கை), 2 ரன், வெற்றி. சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தையும் அவரே தொடங்கினார்: 4.1 இன்னிங்ஸ், ஒரே ரன். டொரன்டோ அதில் 5-4 என்று தோற்றது, அது 11-வது இன்னிங்ஸில், அவர் போய் நெடுநேரம் ஆனபின்.