மஞ்சளாகிப்போன பழைய கம்ப்யூட்டர்: வெளுக்கலாமா, பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: 1990-களின் நடுவில் அப்பா வாங்கிய 486 கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். கேபினெட்டின் முன்பக்கமும் கீபோர்டும் பழுப்பு மஞ்சளாகிவிட்டன. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? இல்லை, ஸ்பிரே பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: வெளுக்கலாம். ஆனால் அதற்கு அவசரம் இல்லை, மஞ்சள் எங்கும் ஓடிவிடாது. முதலில் சுவிட்சைப் போடாமல் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று, சிறு உருளையாக, பெரும்பாலும் நீல உறையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால், கசிந்த காரம் செப்புத் தடங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பவர் சப்ளை பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சரி, மஞ்சளுக்கு வருவோம். சோப்புக்குப் போகாததற்குக் காரணம், அது அழுக்கே இல்லை. இவற்றைச் செய்ய அதிகம் பயன்பட்ட ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் ரப்பர்த் தன்மைக்காகச் சேர்க்கும் பியூட்டடையீன் என்ற வேதிப்பொருள், வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டு நாளடைவில் மாறிவிடுகிறது. தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் கீபோர்டில் ஸ்பேஸ் பார் மட்டும் அடர் மஞ்சளாகவும் மற்ற கீகள் ஓரளவு நன்றாகவும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பல கீபோர்டுகளில் இரண்டும் வெவ்வேறு பிளாஸ்டிக்.

கீகளைக் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் பாருக்கு அடியில் வளைந்த கம்பி இருக்கும், பார்த்துக் கழற்றுங்கள். ஸ்குரூ, உலோக லோகோ, ஸ்டிக்கர் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். வெளுப்பதற்கு முன் மேலிருக்கும் அழுக்கைக் கழுவ, பாத்திரம் விளக்கும் சோப்பு நீரும் பழைய டூத் பிரஷும் போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம், இந்த பிளாஸ்டிக் அதில் கரையும்.

மெடிக்கல் ஷாப்பில் 20 வால்யூம் என்று கிடைப்பது 6 சதவீத பெராக்சைடு. அதில் சம அளவு தண்ணீர் கலந்தாலே வேலை நடக்கும், நேரம்தான் கூடும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் கீகளை முழுவதும் மூழ்கவிட்டு, மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும். மிதப்பவற்றின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்துங்கள். மணிக்கு ஒருமுறை கிளறிவிட்டுத் திருப்புங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் புள்ளி புள்ளியாகத் தடம் விடும்.

கேபினெட்டின் முன்பலகையை மூழ்கடிக்க லிட்டர் கணக்கில் வேண்டும் என்பதால், பலர் பியூட்டி பார்லர்களில் தலைமுடிக்குப் பயன்படுத்தும் பெராக்சைடு கிரீமைத் தடவி, மேலே கிளிங் பிலிம் சுற்றுகிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. நம் ஊர் வெயிலில் கிரீம் எங்காவது காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் வெளிறிய வரிகள் விழுந்தால் அவற்றைச் சரிசெய்வது கஷ்டம். அகலமான தட்டையான டப்பா ஒன்றைத் தேடிப் பிடித்து, முன்பலகையையும் மூழ்கவைப்பதுதான் நல்லது.

பளீர் வெள்ளைக்கு ஆசைப்படாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் புதிதாக வந்தபோதே வெளிர் சந்தன நிறம்தான். திருகு மறைவில் வெயில் படாத ஓரத்தைப் பாருங்கள், அந்த நிறம் வருவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். எல்லாப் பாகங்களும் ஒரே நிறத்தில் இருந்தாலே கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் எட்டிப் பார்க்கும், இருட்டில் வைத்தாலும்கூட. சூடேறும் பரணில் மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம்.

பெயின்ட்? முன்பலகை ஏற்கெனவே திட்டுத் திட்டாகக் கெட்டுப்போயிருந்தால் மட்டும் அடிக்கலாம். கீகளுக்கு வேண்டவே வேண்டாம், எழுத்துகள் மறைந்துவிடும்.